கணக்கை வாசி, பிறகு கையெழுத்தைக் கேள்!

கிராம சபைக் கூட்டத்துக்கு வந்ததாக நம்மில் பலருடைய கையெழுத்து ஊராட்சி நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நாம் போகவேயில்லை! அக்டோபர் மாதம், நடவு நேரம். நாற்றுக் கட்டோடு நாம் நின்றுகொண்டிருந்த வயல் வரப்புக்கே நோட்டு வந்தது. "ஒரு கையெழுத்துப் போடுங்க அக்கா" என்றார்கள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டோம். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரலை வைத்தார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒன்றுமில்லை. பக்கம் காலியாகத்தான் இருந்தது. கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு!

வெற்றுப் புரோநோட்டில் ரேகை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த லேவாதேவிக்காரனைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ரேகைக்கு வீடும் போயிற்று, காணி நிலமும் போயிற்று. ஆனால் அவனாவது கையில் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் ரேகை வாங்கினான். நாம் இப்போது சும்மாவே வைத்துக் கொடுக்கிறோம்.

எதற்காக இந்தக் கையெழுத்து வேட்டை? கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை என்று ஒன்று உண்டு. 2006-ம் ஆண்டு சர்க்கார் உத்தரவுப்படி, ஜனத்தொகை 500-க்குள் இருக்கும் ஊராட்சியில் 50 பேர் வரவேண்டும். 10,000-க்கு மேல் போனால் 300 பேர் வரவேண்டும். அத்தனை பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. ஆகவே நம்முடைய கை இல்லாமல் அவர்களுடைய தீர்மானம் நிற்காது. நம் கையெழுத்துக்கு இத்தனை மதிப்பு இருக்கிறதா என்று நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மதிப்பு இருப்பதால்தான் வெயிலில் வரப்பேறி வருகிறார்கள்.

இந்தச் சபை என்ன, இதில் நமக்கு என்ன பாத்தியதை என்பதைப் பார்ப்போம். 1992-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24 முதல் அது அமலுக்கு வந்தது. அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் சேர்ந்ததே கிராம சபை என்று அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. ஊரின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது இந்தச் சபை. நடந்த வேலைகளைப் பரிசீலிப்பதும் இந்தச் சபை. சட்டசபைக்கு நாம் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோம். கிராம சபைக்கு நாம் யாரையும் அனுப்புவதில்லை. நாமே போய் உட்காருகிறோம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். தலைவர் நாற்காலி காலியாகலாம். ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. அதைக் கலைக்க யாராலும் முடியாது. ஊரில் வாக்காளர் உள்ளவரை சபை உண்டு.

சரி, சட்டம் இத்தனை தந்திருக்கும்போது நாம் ஏன் வரப்பிலேயே நின்றுவிடுகிறோம்?

குடத்தில் யார் பெயர் விழுந்தது?

இதைச் சொல்லும் முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். மேடையேறும் பெரிய மனிதர்கள் எல்லோரும் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்கள் அமைத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட உத்திரமேரூரைப் புகழ்ந்தார்.

நாமும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் கல்வெட்டை முழுவதும் வாசிப்போம். குடத்தில் பெயர் போட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது? களை பறித்தவள் பெயர்? ஏரி வாரியம் ஏரியைப் பார்த்துக்கொண்டது, சரி. ஏரிக்கு மண் சுமந்தவன் ஓலை எங்கே?

ஒரு விதி மட்டும் அதில் நம் மனதைத் தொடுகிறது. முன்பு வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் போகக் கூடாது! நிலமுடையவர்கள் தங்களுக்குள் கணக்கில் எத்தனை கறாராக இருந்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தக் கறார் இன்று ஏன் நமக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் நம் கேள்வி.

கூடிப் பேசுவதற்கு இடம் மட்டும் போதாது. வருவதற்கு நேரம் வேண்டும். பேசுவதற்குக் கையில் காகிதம் வேண்டும். பேசிவிட்டு வீடு திரும்பலாம் என்ற தைரியம் வேண்டும். நிலமுள்ளவனுக்கு இம்மூன்றும் பிறப்போடு வந்துவிடுகின்றன.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடிவந்தது. 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாயின. முதல் நான்கு நாட்களும் 1958-ம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி மில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை. நூற்பாலையில் வேலை செய்துகொண்டு கிராமத்தில் குடியிருக்கிற தோழர் அன்று போகலாம், சம்பளம் குறையாது. (எல்லா ஆலைகளும் அன்று சங்கு ஊதாமல் இருக்கின்றனவா என்பது வேறு கதை.) ஆனால் விவசாயத் தொழிலாளிக்கு எந்தச் சட்டத்தில் விடுமுறை? அவருக்குச் சுதந்திர தினமும் கூலி நாள்தான். காலை 11 மணிக்குக் கூட்டம் என்று தண்டோரா போட்டால், அன்றைய கூலியைக் கொடுத்துத்தான் அவர் ஜனநாயகத்தை வாங்க வேண்டியிருக்கிறது. பிறகு, "ஜனங்களுக்கு அக்கறையே இல்லை" என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்!

மாலை 5 மணிக்குக் கூட்டம் வை என்று கேட்போம். மாலையானால் அடுப்பு வேலையை யார் பார்ப்பது என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வருஷத்தில் ஆறு மாலை ஆண்கள் உலை வைத்தால் சோறு வேகாமல் போய்விடாது.

காகிதம் பேசிய ஊர்கள்

எல்லாவற்றிலும் பெரியது காகிதம். இதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

அது வறண்ட பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் சர்க்கார் நிவாரண வேலை திறக்கும். குளம் வெட்டுவார்கள், ரோடு போடுவார்கள், கல் உடைப்பார்கள். சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி ஒன்று. கைக்கு வருவது வேறு. ஏன் குறைகிறது என்று கேட்டால், "நீங்கள் அளவுப்படி வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வரும். அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றால், அது சர்க்கார் ரகசியம்! வெள்ளைக்காரன் 1923-ல் போட்ட ரகசியச் சட்டம் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. எதிரி நாட்டு உளவாளிக்கு எதிராகப் போட்டதாகச் சொல்லப்பட்ட அந்த மனோபாவம், கல் உடைத்த பெண்ணின் கூலிக் கணக்கையும் பூட்டி வைத்தது.

1990 மே தினத்தன்று ராஜ்சமந்த் மாவட்டத்து பீம் என்ற ஊரில் இந்த ஜனங்கள் கூடி மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். தொழிலாளி, விவசாயி சக்தி சங்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதில் முன்னால் நின்றவர்கள். முதலில் அவர்கள் கேட்டது கூலிதான். கூலியைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகுதான், பூட்டு வேறிடத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். பதிவேடு வெளியே வந்தால் கூலி தானாக வெளியே வரும்.

1994 டிசம்பர் 2-ல் பாலி மாவட்டத்துக் கோட்கிரானா கிராமத்தில் முதல் 'ஜன் சுன்வாய்' நடந்தது. மக்கள் விசாரணை என்று அர்த்தம். தொடர்ந்து மற்ற ஊர்களிலும் நடந்தது. அங்கே சொற்பொழிவு பெரிய விஷயமாக இல்லை. கைக்குக் கிடைத்த மஸ்டர் ரோல்களின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு (நம் ஊரில் என்.எம்.ஆர். என்கிறோமே, அதேதான்) ஊரார் முன்னால் ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார்கள். இந்த வேலையில் இத்தனை நாள் இன்னார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று வாசித்தார்கள். அவ்வளவுதான். பட்டியலில் வேலைப் பக்கமே போகாதவர்கள் இருந்தார்கள். பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்கள் இருந்தார்கள். செத்துப்போனவர்களும் இருந்தார்கள்! முடிந்துவிட்டதாகக் கணக்கில் இருந்த வேலை, ஊருக்குள் முடியாமல் நின்றது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் தன் பக்கத்தில் நின்று கூடை தூக்கியது யார், தூக்காதது யார் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த ஆடிட்டருக்கும் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு அதுவரை பயன்படாமல் கிடந்ததற்கு ஒரே காரணம், காகிதம் அலமாரியிலும் அறிவு தெருவிலும் இருந்ததுதான். காகிதத்தை உரக்க வாசித்தவுடன் இரண்டும் சந்தித்தன. நம் மில் பகுதிகளில் சங்கத் திண்ணையில் ஒருவர் பத்திரிகை வாசிக்க இருபது பேர் கேட்ட காலத்தை மூத்த தோழர்கள் சொல்வார்கள். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் போதும். விவாதிக்க இருபது பேரும் உண்டு.

பதிவேட்டு நகல் கொடுக்கப்படும் என்று மாநில சர்க்கார் வாக்குக் கொடுத்தது. வாக்கு காற்றோடு போயிற்று. 1996 ஏப்ரல் 6-ல் பியாவர் நகரத்தில் தர்ணா தொடங்கினார்கள். நாற்பது நாள்! கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, நகரத்துச் சில்லறை வியாபாரிகளும் சங்கங்களும் கை கொடுத்தார்கள். நம் பணம், நம் கணக்கு என்பது அவர்கள் கோஷம். 2000-ல் ராஜஸ்தானத்தில் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005 அக்டோபர் 12-ல் நாடு முழுவதற்குமான சட்டம் அமலாயிற்று. பெரிய நகரத்து வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும் அந்தச் சட்டத்துக்காக உழைத்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் முதல் வரியை எழுதியவர்கள் கூலி குறைந்த மண்வெட்டிக்காரர்கள்.

இன்று பத்து ரூபாய் கட்டணத்தில் நம் ஊராட்சியின் வரவு செலவு நகலைக் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் பட்டியலில் இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். கிராம சபைக்கு முந்தின மாதமே இந்த மனுவைப் போட்டால், கூட்டத்தன்று கையில் காகிதம் இருக்கும்.

நூறு நாள் வேலைக்காக 2005-ல் வந்த சட்டத்தின் 17-வது பிரிவும் இந்த ராஜஸ்தானத்துப் பாடத்தை எழுதிவைத்தது. வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யவேண்டும், மஸ்டர் ரோலும் பில்லும் சபை முன் வைக்கப்பட வேண்டும் என்றது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதைப் பற்றிய விவாதம் தனி விவாதம். எந்தச் சட்டத்தின் பேரில் வேலை நடந்தாலும் யாருடைய பெயரில் கூலி போயிற்று என்ற கேள்வி நம்முடையது.

இங்கேதான் ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். அதன் 44-வது பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் பற்றி இருந்த விதியைத் திருத்தியது. பொதுநலன் பெரிதாக இருந்தால் தனிநபர் விவரத்தையும் கொடுக்கலாம் என்று அந்த விதிக்குள்ளேயே ஒரு வாசகம் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். பொதுநலனைப் பற்றி வேறொரு பிரிவில் இன்னும் ஒரு வாசகம் மிச்சம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மறுக்க நினைக்கும் அதிகாரிக்கு இது நல்ல சாக்கு. மஸ்டர் ரோல் என்பதே பெயர்ப் பட்டியல்தானே? பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால், செத்தவன் கூலி வாங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏழையின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அவன் கூலியைத் தின்றவனைக் காப்பாற்றும் வேலை இது!

கூட்டத்தையே ஒரு பள்ளிக்கூடம்போல் தயார்செய்த மாநிலமும் ஒன்று உண்டு. 1996-ல் கேரளத்தில் இடதுசாரி சர்க்கார் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கியது. தோழர் இ.எம்.எஸ். அதன் வழிகாட்டும் குழுவில் தலைமை ஏற்றார். பணம் வந்ததைவிட முக்கியமான காரியம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊரின் நிலம், நீர், பள்ளி, நோய் பற்றித் தானே அறிக்கை எழுதியது. கிராம சபைக்கு வந்தவர்கள் விவசாயம், குடிநீர், கல்வி என்று சிறு குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்து பேசினார்கள். ஆயிரம் பேர் கூட்டத்தில் வாய் திறக்காத பெண், இருபது பேர் குழுவில் பேசுவாள். அங்கும் பிற்பாடு வேகம் தளர்ந்தது, பல சபைகளில் சலுகைப் பட்டியலில் பெயர் சேர்க்க வந்த கூட்டமே மிஞ்சியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தரையிலா, நாற்காலியிலா?

மூன்றாவது விஷயம் தைரியம். எளிதாகச் சொல்லிவிடலாம், இருக்கிற ஊரில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை ஜனநாயகத்தின் தொட்டில் என்று புகழ்ந்தவர்களை டாக்டர் அம்பேத்கர் கண்டித்தார். குறுகிய புத்தியும் சாதிப் பற்றும் குடிகொண்ட இடத்தையா புகழ்கிறீர்கள் என்பது அவர் கருத்து. பிறகு நடந்தது என்ன? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வந்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும், மதுரைக்குப் போய்த் திரும்பும் வழியில், 1997 ஜூன் 30-ம் தேதி பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்து ஆண்டு காலம் தாழ்த்தப்பட்டவரைத் தலைவராக இருக்கவிடவே இல்லை. அதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான தாழ்த்தப்பட்ட பெண் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியே வந்ததே, அது எந்தக் காலக் கதை?

தலைவருக்கே இந்தக் கதி என்றால், பண்ணையார் வயலில் நாளைக்கும் வேலைக்குப் போகவேண்டிய சாதாரணக் கூலிக்காரர் எழுந்து கணக்குக் கேட்பது எப்படி? ஒற்றை ஆளாகக் கேட்க முடியாது. தனியாகக் கேட்டவருக்கு மறுநாள் வேலை இல்லை. முப்பது பேர் சேர்ந்து போய், முப்பது பேரும் ஒரே கேள்வியைக் கேட்டால் முப்பது பேரையும் விலக்கிவிட்டு நடவு நடக்காது. இது மில் வாசலில் நாம் கற்ற கணக்குத்தான். கிராம சபைக்கும் அது செல்லும்.

கூட்டம் எந்த இடத்தில் நடக்கிறது என்பதும் சின்ன விஷயமில்லை. கோயில் போன்ற மத வளாகங்களில் கிராம சபை நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்தவேண்டும் என்று உத்தரவுகள் இருக்கின்றன. சேரிப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் கடைசியாகக் கூட்டம் நடந்தது எந்த வருஷம் என்று ஊராட்சிச் செயலரைக் கேட்டுப் பாருங்கள். நோட்டைப் புரட்டுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"இத்தனையும் செய்து தீர்மானம் போட்டால் மட்டும் மேலே இருப்பவன் கேட்கப்போகிறானா?" என்று ஒரு தோழர் நம்மிடம் கேட்டார். குடிநீர்த் தொட்டிக்காகத் தொடர்ந்து தீர்மானம் போட்டுத் தண்ணீர் வராத ஊர்க்காரர் அவர். அவர் கசப்பு நியாயமானது.

அவருக்கு நாம் அரிட்டாபட்டியைச் சொன்னோம். மேலவளவு இருக்கும் அதே மேலூர் தாலுகாதான். 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போயிற்று. மலை போகும், சுனை போகும், வயல் போகும் என்று கண்ட ஜனங்கள், அந்த மாதம் 23-ம் தேதி கூடிய கிராம சபைகளில் ஊர் ஊராக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். டிசம்பர் 9-ல் சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கான பேர் மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. ஒடிசாவில் நியமகிரி மலைக்காகவும் இதுதான் நடந்தது. சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரலில் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டே பன்னிரண்டு கிராமங்களின் சபைகள் கூடி, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன.

தீர்மானம் மட்டுமே ஏலத்தை ரத்து செய்தது என்று நாம் சொல்லவில்லை, அது பொய். நடந்த கால்கள்தான் ரத்து செய்தன. ஆனால் கால்கள் நடக்கும்போது, "இது நாலு பேர் தூண்டிவிட்ட கலகம்" என்று சொல்ல யாராலும் முடியாமல் போனதற்கு அந்த நோட்டுப் பக்கங்கள் காரணம். ஊர் கூடி, பேசி, எழுதி, எழுதியதைக் கேட்டபின் கையெழுத்திட்ட பக்கங்கள் அவை. வரப்பில் வாங்கிய வெற்றுப் பக்கத்துக்கு அந்தப் பலம் வருமா?

பட்டணத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் வந்த விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளிலும் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. மில் காலனியில் இருப்பவர்களும் தங்கள் வட்டத்தின் பகுதி சபை எது, எப்போது கூடியது என்று விசாரிக்க வேண்டும். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் நேரத்தில் பாதி போதும் இதற்கு.

கிராமத்துத் தோழர்கள் அடுத்த சபைக்கு முன் ஒரு மாலை கூடிப் பேசட்டும். நூறு நாள் வேலையில் ஒன்றாக நின்ற பெண்களைக் கட்டாயம் அழைக்க வேண்டும்; ஊர்க் கணக்கில் பாதி அவர்கள் ஞாபகத்தில் இருக்கிறது. வரவு செலவை வாசிக்க, படித்த பிள்ளை ஒருவரை ஏற்பாடு செய்யட்டும். கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வி இரண்டோ மூன்றோ போதும். நம் கேள்வியும் கிடைத்த பதிலும் நோட்டில் ஏறியபின், ஏறியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டபின், கையெழுத்து.

அதற்கு முன்னால் எப்போதாவது நோட்டு வரப்புக்கு வந்துவிட்டால், சேற்றுக் கையைத் துடைக்க வேண்டாம். "எந்தத் தீர்மானம், எத்தனையாவது பக்கம்? வாசிங்க தம்பி, கேட்கிறோம்" என்று சொல்வோம். வாசிக்கிற தம்பியிடம் கோபம் வேண்டாம். அவரும் குறைந்த சம்பளத்துக்கு வெயிலில் அலைகிற நம் ஊர்ப் பிள்ளைதான். குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, நிதானமாக வாசிக்கச் சொல்வோம்.